பல கேமரா படத்தொகுப்பில் ஒலியையும் காட்சியையும் தானாக ஒத்திசைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே நிகழ்ச்சியை மூன்று கேமராக்கள் எடுக்கின்றன. பேச்சைத் தனி ரெக்கார்டர் பதிவு செய்கிறது. ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு நொடியில் ஓடத் தொடங்கியிருக்கும். இடையில் ஒன்று நின்று மறுபடி ஓடியிருக்கும். இந்த நான்கையும் ஒரே டைம்லைனில் (மென்பொருளில் கிளிப்புகளை நேர வரிசையில் அடுக்கும் பட்டையில்) ஒரே கணத்தில் நிறுத்தினால்தான் கோணம் மாற்றி வெட்டுகிற வேலையே ஆரம்பமாகும். கிளாப் அடித்த ஃபிரேமைத் தேடிப் பிடித்துக் கையால் பொருத்திய வேலையை இன்று மென்பொருள் சிறிது நேரத்தில் முடித்துத் தருகிறது. அதனாலேயே பலர் இதை ஒரு பொத்தானை அழுத்தினால் தீரும் வேலை என்று எண்ணிவிடுகிறார்கள்.

பொத்தானை அழுத்துவது இதில் மிகச் சிறிய பகுதி. ஒத்திசைவு சரியாக அமையுமா என்பது படப்பிடிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. சரியாக அமைந்ததா என்பது கிளிப்பின் கடைசி நிமிடத்தைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. மென்பொருள் கண்டுபிடிப்பது அடிப்படையில் ஒரே ஓர் எண்ணைத்தான்: இந்த கிளிப் அந்த கிளிப்பைவிட எவ்வளவு முன்னே அல்லது பின்னே தொடங்குகிறது என்பதை. ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டும் சேர்ந்தே நடக்குமா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியில் பொத்தானுக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மென்பொருள் எதை வைத்துப் பொருத்துகிறது?

இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. முதலாவது அலைவடிவத்தை ஒப்பிடுவது. கேமராவின் உள் மைக் பதிவு செய்த ஒலியை ரெக்கார்டரின் ஒலிமீது வைத்து, மென்பொருள் அதைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே போகிறது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு அலைகளையும் பெருக்கிக் கூட்டுகிறது. ஏற்றத்தோடு ஏற்றமும் இறக்கத்தோடு இறக்கமும் பொருந்தும் இடத்தில் அந்தக் கூட்டுத்தொகை சட்டென்று உயரும். அந்த உச்சம்தான் விடை. ஒலி எவ்வளவு தரமானது என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டு பதிவுகளும் ஒரே ஒலியைக் கேட்டிருக்க வேண்டும், அந்த ஒலி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது எங்கே தடுமாறும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் இசையில் பல இடங்களில் ஏறத்தாழ ஒரே உயர உச்சங்கள் கிடைக்கும். மென்பொருள் ஒரு சுற்று தள்ளிப் பொருத்திவிடலாம். இடைவிடாத கைதட்டலிலும் காற்று இரைச்சலிலும் தனித்துத் தெரியும் உச்சமே இருக்காது. கேமராவில் ஒலிப்பதிவு அணைந்திருந்தால் ஒப்பிட எதுவுமே இல்லை.

இரண்டாவது வழி டைம்கோடு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று ஒரு முகவரி தரும் முறை இது; திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇ வகுத்தது. எல்லாக் கருவிகளிலும் ஒரே கடிகாரம் ஓடினால் ஒலியே இல்லாமல் பொருத்திவிடலாம். டென்டக்கிள் சிங்க் போன்ற சிறு பெட்டிகள் இதற்காகவே இருக்கின்றன. முதலில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்துக்குச் சமன் செய்து, பிறகு ஒவ்வொரு கேமராவிலும் ஒன்றை மாட்டிவிடுவார்கள். டைம்கோடு உள்ளீடு இல்லாத கேமராவில் அந்தப் பெட்டி டைம்கோடை ஒரு கீச்சொலியாக மைக் வழியில் அனுப்பும். டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் 'அப்டேட் டைம்கோடு ஃப்ரம் ஆடியோ டிராக்' என்ற கட்டளை அதைப் படித்து கிளிப்பின் டைம்கோடாக மாற்றித் தரும்.

டைம்கோடு முறையில் ஒரு பொறி உண்டு. பல கேமராக்களில் டைம்கோடு 'ரெக் ரன்' நிலையில் இருக்கும். அதாவது பதிவு ஓடும்போது மட்டும் எண் நகரும். அந்த நிலையில் மூன்று கேமராக்களும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கலாம். மென்பொருளும் அவை மூன்றும் ஒரே கணத்தில் தொடங்கியதாக நம்பிப் பொருத்திவிடும். டைம்கோடை நம்பி வேலை செய்வதானால் 'ஃப்ரீ ரன்' நிலையில்தான் இருக்க வேண்டும். நொடிக்கு 29.97 ஃபிரேமில் எடுப்பவர்கள் எல்லாக் கேமராவிலும் டிராப் ஃபிரேம் அமைப்பு (கடிகார நேரத்தோடு ஒத்துப்போகச் சில ஃபிரேம் எண்களை மட்டும் தாண்டும் முறை) ஒன்றுபோல இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டிராப் ஃபிரேம் எண்ணிக்கை மணிக்கு 108 ஃபிரேம் எண்களைத் தாண்டிச் செல்கிறது; ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போனால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி வேறுபாடு வந்துவிடும்.

படப்பிடிப்பின்போது செய்ய வேண்டியவை

எல்லாக் கேமராவிலும் ஒலிப்பதிவை இயக்கி வையுங்கள். "ரெக்கார்டர்தான் இருக்கிறதே" என்று கேமரா மைக்கை அணைத்துவிடுவது தானியங்கி ஒத்திசைவின் காலை வெட்டுவதற்குச் சமம். பல கேமராக்கள் ஸ்லோ மோஷன் நிலையில் ஒலியைப் பதிவு செய்வதே இல்லை. அந்தக் கேமராவை மல்டிகேம் (பல கேமரா) தொகுப்பில் சேர்க்க நினைத்தால் சாதாரண வேகத்தில் எடுங்கள்.

ஃபிரேம் வேகத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே பேசி முடிவு செய்து, எல்லாக் கேமராவிலும் ஒன்றையே வையுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் எல்லாவற்றிலும் 25. இங்கே 24, 23.976 இரண்டும் ஒன்றல்ல, 30, 29.97 இரண்டும் ஒன்றல்ல. ரெக்கார்டரில் ஒலி மாதிரி வேகத்தை 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 44.1 என்பது இசைத்தட்டு உலகத்தின் அளவு. வீடியோவின் வழக்கம் 48.

ஓடத் தொடங்கிய கேமராவை இயன்றவரை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் பொருத்த வேண்டிய புதிய கிளிப் ஒன்று பிறக்கிறது. மெமரி கார்டில் இடத்தை மிச்சப்படுத்த ஐந்து நொடிக்கு ஒருமுறை நிறுத்திய கேமராவிலிருந்து நாற்பது துண்டுகள் வரும். சில நொடியே உள்ள துண்டில் ஒப்பிடப் போதுமான ஒலி இருக்காது. கார்டுகள் மலிவானவை, உங்கள் இரவுத் தூக்கம் அப்படியல்ல.

எல்லாக் கருவிகளும் ஓடத் தொடங்கிய பிறகு, எல்லாக் கேமராவுக்கும் தெரியும் இடத்தில் ஒருமுறை கிளாப் அடியுங்கள். கிளாப் போர்டு இல்லையென்றால் கைகளே போதும். நிகழ்ச்சி முடிந்து கருவிகளை நிறுத்துவதற்கு முன் இன்னொரு முறை அடியுங்கள். இந்த இரண்டாவது தட்டலை ஏறக்குறைய எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். முதல் தட்டல் பொருத்துவதற்கு உதவுகிறது. இரண்டாவது, பொருத்தம் கடைசிவரை நீடித்ததா என்பதைக் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு விலகல் என்று அளந்துவிட்டால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாக் கேமராவின் தேதியையும் நேரத்தையும் நிமிடம் பிசகாமல் சரிசெய்து வையுங்கள். கிளிப்புகளை வரிசைப்படுத்த ஃபைனல் கட் போன்ற மென்பொருள்கள் பதிவு நேரத்தையும் பயன்படுத்திக்கொள்ளும்.

தொலைவில் நிற்கும் கேமராவுக்கு ஒலி மிக்சரிலிருந்து ஓர் இணைப்பைக் கொடுக்க முடிந்தால் தயங்காமல் கொடுங்கள். பார்வையாளர்களின் இரைச்சலும் போய்விடும், தூரத்தால் வரும் தாமதமும் போய்விடும். அந்தத் தாமதத்தைப் பற்றிப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

கோப்புகளை ஒழுங்கு செய்தல்

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஃபோல்டர்: கேமரா 1, கேமரா 2, கேமரா 3, ஒலி. கார்டில் இருந்ததை அதே ஃபோல்டர் அமைப்போடு முழுமையாக நகலெடுங்கள். நீண்ட பதிவை 4 ஜிபி அளவுத் துண்டுகளாகப் பிரித்துச் சேமிக்கும் கேமராக்கள் உண்டு. சில வகைப் பதிவுகளில் துண்டுகளை இடைவெளியின்றி இணைப்பதற்கான குறிப்பு அந்த ஃபோல்டர் அமைப்பில்தான் இருக்கிறது. வீடியோ கோப்பை மட்டும் உருவி எடுத்தால் துண்டுகளின் எல்லையில் ஓரிரு ஃபிரேம் காணாமல் போகலாம்.

அடுத்து, கைபேசியில் எடுத்த கோப்புகள். பெரும்பாலான கைபேசிகள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைத்திருப்பதில்லை. வெளிச்சத்துக்கும் கருவியின் சூட்டுக்கும் ஏற்ப நொடிக்கு 30 என்பது 29 ஆகும், 27 ஆகும், மறுபடி 30 ஆகும். தனியாக ஓடவிட்டுப் பார்க்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது. நிலையான வேகத்தை எதிர்பார்க்கும் டைம்லைனில் வைத்தால் படம் ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமுமாக நகரும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்து 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' என்று இருந்தால், ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து, வேகத்தையும் நீங்களே குறிப்பிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இதை ஒத்திசைவுக்கு முன்பு செய்ய வேண்டும். பொருத்திய பிறகு மாற்றினால் முழு வேலையும் வீண்.

கடைசியாக, புராஜெக்ட்டின் ஃபிரேம் வேகம். முதன்மைக் கேமராவின் வேகம் எதுவோ அதுவே புராஜெக்ட்டின் வேகமாக இருக்கட்டும். ரிசால்வில் கிளிப்புகளை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே இதை அமைத்துவிடுங்கள். பிறகு மாற்றுவது எளிதல்ல.

பொத்தானை அழுத்துதல்

பிரீமியர் புரோவில், பொருத்த வேண்டிய எல்லாக் கிளிப்புகளையும் ரெக்கார்டர் கோப்பையும் புராஜெக்ட் பலகத்தில் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து 'கிரியேட் மல்டி-கேமரா சோர்ஸ் சீக்வென்ஸ்' என்பதைத் திறவுங்கள். பொருத்தும் முறையாக 'ஆடியோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த ஒலித் தடத்தை ஒப்பிட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம். ரெக்கார்டரில் முதல் தடம் மேடை மைக், இரண்டாம் தடம் காலி என்றால் இந்தத் தேர்வு மிக முக்கியம். நின்று நின்று எடுத்த கேமராவின் துண்டுகளும் இருந்தால் 'கிரியேட் சிங்கிள் மல்டிகேம் சோர்ஸ் சீக்வென்ஸ்' என்ற கட்டத்தைக் குறியிடுங்கள். ஒலி அமைப்பில் 'கேமரா 1' என்று வைத்தால் ஒரே ஒலி தொடர்ந்து வரும்; 'ஸ்விட்ச் ஆடியோ' என்று வைத்தால் கோணம் மாறும்போதெல்லாம் ஒலியும் மாறும். தனி ரெக்கார்டர் இருக்கும் வேலையில் பின்னது வேண்டாம்.

டாவின்சி ரிசால்வில், மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்து, வலது கிளிக்கில் 'கிரியேட் நியூ மல்டிகேம் கிளிப் யூசிங் செலக்டட் கிளிப்ஸ்' என்பதைத் திறந்து, 'ஆங்கிள் சிங்க்' இடத்தில் 'சவுண்ட்' என்று வையுங்கள். 'டிடெக்ட் கிளிப்ஸ் ஃப்ரம் சேம் கேமரா' என்பதைக் குறியிட்டால் ஒரே கேமராவின் துண்டுகள் ஒரே கோணத்தில் அமரும். குறியிடாவிட்டால் ஒவ்வொரு துண்டும் தனிக் கோணமாகி நிற்கும். ஒரே கேமராவும் ஒரு ரெக்கார்டரும் மட்டும் என்றால் மல்டிகேம் தேவையில்லை. 'ஆட்டோ சிங்க் ஆடியோ' போதும்.

ஃபைனல் கட் புரோவில் கிளிப்புகளைத் தேர்ந்து 'நியூ மல்டிகேம் கிளிப்' கொடுத்து, 'யூஸ் ஆடியோ ஃபார் சிங்க்ரனைசேஷன்' என்பதைக் குறியிடுங்கள். அதற்கு முன் இன்ஸ்பெக்டரில் ஒவ்வொரு கேமராவின் கிளிப்புகளுக்கும் கேமரா பெயரை இட்டுவிட்டால் கோணங்கள் குழம்பாது. ஏதாவது ஒரு கோணம் மட்டும் தவறிப்போனால் ஆங்கிள் எடிட்டருக்குள் சென்று அந்தக் கோணத்தை மட்டும் கண்காணிப்புக் கோணத்தோடு, அதாவது அப்போது திரையில் ஓடும் கோணத்தோடு, மறுபடி பொருத்தச் சொல்லலாம். இது மிகப் பயனுள்ள வசதி.

கேடென்லைவ் இலவச மென்பொருள். அதில் டைம்லைனில் ரெக்கார்டர் ஒலியை வலது கிளிக் செய்து 'செட் ஆடியோ ரெஃபரன்ஸ்' என்று கொடுத்துவிட்டு, கேமரா கிளிப்புகளில் 'அலைன் ஆடியோ டு ரெஃபரன்ஸ்' என்று கொடுத்தால் அவை நகர்ந்து வந்து நிற்கும்.

சரிபார்த்தல்

ஒத்திசைத்து முடிந்ததும் வெட்டத் தொடங்காதீர்கள். மூன்று இடங்களைப் பாருங்கள்: ஆரம்பம், நடு, முடிவு. ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக.

முதலில் காதால். ரெக்கார்டரின் ஒலியை முழுக்க இடது பக்கமும், சோதிக்கும் கேமராவின் ஒலியை முழுக்க வலது பக்கமும் தள்ளிவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். அளவு இரண்டிலும் ஏறத்தாழ சமமாக இருக்கட்டும். பொருத்தம் சரியாக இருந்தால் குரல் தலையின் நடுவில் நிற்கும். ஒரு பக்கம் சில மில்லிநொடி முந்தினாலும் குரல் அந்தக் காதுக்கு இழுபடும். இரண்டு மூன்று ஃபிரேம் விலகியிருந்தால் எதிரொலி பிரிந்தே கேட்கும். கண்ணால் அலைவடிவத்தை உற்றுப் பார்ப்பதைவிட இது விரைவானது, நுட்பமானது.

பிறகு கண்ணால். பேசுபவரின் நெருக்கக் காட்சியை எடுத்து, உதடுகள் முழுவதும் ஒட்டிப் பிரியும் ஒலி ஒன்றைத் தேடுங்கள். 'அப்பா' என்ற சொல் மிக வசதி. 'ப்' சொல்லும்போது உதடுகள் மூடியிருக்கும். அந்த இரண்டு மூன்று ஃபிரேம்களுக்கு அலைவடிவம் ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கும். அடுத்த ஃபிரேமில் உதடு பிரியும், அலை குத்தென்று எழும். அந்த எழுச்சியும் உதடு பிரிவதும் ஒரே ஃபிரேமில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். உதடு பிரிவதற்கு முன்பே அலை எழுந்தால் ஒலி முந்துகிறது. 'ம', 'ப' தவிர மற்ற ஒலிகளில் இவ்வளவு தெளிவான அடையாளம் கிடைக்காது.

எவ்வளவு விலகினால் தவறு? 1998இல் வெளிவந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) பரிந்துரை பிடி.1359, ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினால் அல்லது 125 மில்லிநொடி பிந்தினால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று வரம்பு சொல்கிறது. 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. அதாவது ஒலி ஒரு ஃபிரேமுக்குச் சற்று அதிகமாக முந்தினாலே உறுத்தும். பிந்துவதை மூன்று ஃபிரேம்வரை கண் மன்னிக்கும். இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது என்பதால் நம் மூளை அதற்குப் பழகியிருக்கிறது. எந்தப் பக்கம் தவறலாம் என்று ஐயம் வந்தால் ஒலி பிந்தும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வீடியோவை முழு ஃபிரேம்களாக மட்டுமே நகர்த்த முடியும். ஆகவே மிகச் சரியான பொருத்தத்திலும் அரை ஃபிரேம்வரை மீதம் இருக்கும். அதைத் தீர்க்க வேண்டுமென்றால் ஒலியை நகர்த்துங்கள்: 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குள் 1,920 ஒலி மாதிரிகள் இருக்கின்றன. பிரீமியரில் 'ஷோ ஆடியோ டைம் யூனிட்ஸ்' என்பதை இயக்கினால் அந்த நுணுக்கத்தில் ஒலியைத் தள்ளலாம்.

ஆரம்பம் சரி, முடிவு தவறு

இதுதான் மிகுதியாகக் குழப்பும் கோளாறு. "மென்பொருள் தவறாகப் பொருத்திவிட்டது" என்று மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துவதால் ஒன்றும் ஆகாது. விலகலின் அளவையும் அது வளரும் விதத்தையும் பாருங்கள். காரணம் அதிலேயே எழுதியிருக்கும்.

விலகல் ஒரே சீராக வளர்ந்து, ஒரு மணி நேரத்தில் ஓரிரு ஃபிரேம் முதல் நான்கைந்து ஃபிரேம் வரை இருந்தால், கருவிகளின் கடிகாரங்கள்தான் காரணம். ஒவ்வொரு கருவியும் தன் நேரத்தை ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை வைத்து அளக்கிறது. எந்த இரண்டு படிகங்களும் துல்லியமாக ஒன்றுபோல அதிர்வதில்லை. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 30 பங்கு வேறுபாடு இருந்தால் ஒரு மணி நேரத்தில் 108 மில்லிநொடி, ஏறத்தாழ மூன்று ஃபிரேம். பத்து நிமிட நேர்காணலில் இது தெரியவே தெரியாது. இரண்டு மணி நேர நாடகத்தில் ஊரறியத் தெரியும். டைம்கோடு பெட்டி வைத்திருந்தாலும் இது தானாகப் போய்விடாது. பெரும்பாலும் கிளிப் தொடங்கும் கணத்தின் முகவரியை வைத்தே மென்பொருள் பொருத்துகிறது. அதன் பிறகு கேமரா தன் சொந்தப் படிகத்தின் கணக்கில்தான் ஓடுகிறது.

இதற்குப் பலரும் முதலில் கைவைப்பது வேக மாற்றத்தில். வேக விகிதத்தை இரண்டு தசம இடம்வரை மட்டும் ஏற்கும் மென்பொருளில் மிகச் சிறிய மாற்றமே 0.01 சதவீதம். அது ஒரு மணி நேரத்துக்கு 360 மில்லிநொடி. மூன்று ஃபிரேம் விலகலைத் திருத்தப் போய் எதிர்ப்பக்கம் ஆறு ஃபிரேம் விலகல் வந்து சேரும். நான் பரிந்துரைப்பது வேறு வழி. ரெக்கார்டரின் ஒலியைத் தொடவே தொடாதீர்கள், அதுதான் முதுகெலும்பு. மல்டிகேம் சீக்வென்சுக்குள் சென்று கேமராவின் தடத்தை வெட்டி, அங்கிருந்து பின்பகுதி முழுவதையும் ஒரு ஃபிரேம் நகர்த்துங்கள். மணிக்கு மூன்று ஃபிரேம் விலகல் என்றால் இருபது நிமிடத்துக்கு ஒரு வெட்டு போதும். பின்பகுதியை வலப்பக்கம் நகர்த்தியதால் ஒரு ஃபிரேம் இடைவெளி விழுந்தால், முன்பகுதியின் முனையை ஒரு ஃபிரேம் இழுத்து மூடுங்கள். அந்த நேரத்தில் திரையில் வேறு கேமரா இருக்கும் இடமாகப் பார்த்து வெட்டினால் இந்தத் திருத்தம் யார் கண்ணிலும் படாது. பல கேமரா வேலை நமக்குத் தரும் பெரிய சலுகை இது.

ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி, அதாவது நிமிடத்துக்கு 60 மில்லிநொடி என்ற அளவில் விலகினால் படிகத்தைக் குறை சொல்ல வேண்டாம். 23.976 வேகக் கோப்பு எங்கோ 24 ஆகவோ, 29.97 கோப்பு 30 ஆகவோ கருதப்பட்டிருக்கிறது. 0.1 சதவீத வேறுபாட்டின் கைரேகை இது. கோப்பின் உண்மையான வேகத்தைப் பார்த்து, மென்பொருள் அதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதைத் திருத்துங்கள். பிரீமியரில் 'இன்டர்பிரட் ஃபூட்டேஜ்', ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்'.

விலகல் சீராக வளராமல், கூடியும் குறைந்தும் அலைந்தால் அது நிலையற்ற ஃபிரேம் வேகம். கோப்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓர் இடம்வரை கச்சிதமாக இருந்து, அங்கிருந்து ஒரே தாவலாக விலகி, பிறகு அதே அளவில் நின்றால், துண்டுகள் இணைந்த இடத்தில் ஃபிரேம்கள் விட்டுப்போயிருக்கின்றன, அல்லது ரெக்கார்டர் புதிய கோப்பைத் தொடங்கியபோது ஒரு துளி ஒலியைத் தவறவிட்டிருக்கிறது. அந்த இடத்தில் வெட்டி இரண்டாம் துண்டைத் தனியாகப் பொருத்தினால் தீர்ந்தது.

தூரம் செய்யும் வேலை

ஆரம்பத்திலும் முடிவிலும் ஒலியோடு ஒலி கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனாலும் ஒரு கேமராவின் படம் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. அரங்கின் பின்வரிசையில் வைத்த அகலக் காட்சிக் கேமராவில்தான் இது பெரும்பாலும் வரும். ஒலி அறை வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு ஃபிரேம் நேரத்தில், அதாவது 40 மில்லிநொடியில், 13.7 மீட்டர். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கும் கேமரா, மேடை மைக் கேட்டதை 100 மில்லிநொடி கழித்துத்தான் கேட்கிறது. படமோ உடனே வந்துவிடுகிறது.

இப்போது மென்பொருள் என்ன செய்கிறது? தாமதமாக வந்த ஒலியை மேடை ஒலியோடு சேர்க்க, அந்தக் கேமராவின் கிளிப்பை இரண்டரை ஃபிரேம் முன்னே இழுக்கிறது. ஒலி சேர்ந்துவிட்டது, படம் இரண்டரை ஃபிரேம் முந்திக்கொண்டது. மிருதங்கக் கலைஞரின் கை நெருக்கக் காட்சியில் தோலைத் தொடும் ஃபிரேமில் அகலக் காட்சிக்கு வெட்டிப் பாருங்கள்: அங்கே கை ஏற்கெனவே மேலெழுந்திருக்கும். பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, வெட்டு மட்டும் தட்டும்.

தீர்வு எளிது. தூரத்தை மீட்டரில் 13.7ஆல் வகுத்தால், 25 ஃபிரேம் வேகத்தில் எத்தனை ஃபிரேம் என்று வரும். அந்த அளவு அந்தக் கிளிப்பின் படத்தைப் பின்னே, அதாவது டைம்லைனில் வலப்பக்கம் தள்ளுங்கள். மேலே சொன்ன மேடையில் இரண்டு அல்லது மூன்று ஃபிரேம். தொடக்கத்தில் அடித்த கிளாப் எல்லாக் கேமராவிலும் தெரிந்தால் கணக்கே வேண்டாம்; இரண்டு கைகளும் சேரும் ஃபிரேமை வைத்துப் படத்தோடு படத்தைப் பொருத்திவிடலாம். தொலைவுக் கேமராவைப் பொறுத்தவரை ஒலியைவிடப் படமே நம்பத் தகுந்த சாட்சி.

ஒரு கிளிப் மட்டும் பொருந்தவே இல்லையென்றால்

பெரும்பாலும் அந்தக் கேமராவின் ஒலி மிகத் தாழ்வாக இருக்கும், அல்லது இரைச்சலில் மூழ்கியிருக்கும். அந்த ஒலியை மட்டும் தனியாக எடுத்து, தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டி, பேச்சின் அளவை உயர்த்தி, அந்தப் பதிப்பை வைத்து மறுபடி முயலுங்கள். ரெக்கார்டரோடு பொருந்தாத கேமரா, பக்கத்தில் நின்ற இன்னொரு கேமராவோடு உடனே பொருந்துவதும் உண்டு. இரண்டும் ஒரே இரைச்சலைக் கேட்டிருக்கின்றன அல்லவா? முதலில் அவை இரண்டையும் சேர்த்துவிட்டு, அந்த இணையை ரெக்கார்டருக்குக் கொண்டுபோகலாம்.

அதுவும் நடக்காவிட்டால் மார்க்கர், அதாவது கிளிப்பில் இடும் அடையாளக் குறி. எல்லாக் கிளிப்பிலும் கண்ணுக்குத் தெரியும் ஒரே நிகழ்வைத் தேடுங்கள்: கேமரா ஃபிளாஷ் மின்னுவது, கதவு மூடுவது, கைகள் சேர்வது. அந்த ஃபிரேமில் மார்க்கர் இட்டு, பொருத்தும் முறையை 'மார்க்கர்' என்று மாற்றுங்கள். ஃபிளாஷ் மிக நல்ல அடையாளம்; ஓரிரு ஃபிரேம் மட்டுமே நீடிக்கும், எந்தத் தூரத்திலும் தாமதம் இல்லை.

வெட்டத் தொடங்குமுன்

கேமரா ஒலிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், பின்னால் சரிபார்க்கத் தேவைப்படும். ரெக்கார்டர் ஒலியோடு கேமரா ஒலி சிறிதளவு கலந்தாலும், சில மில்லிநொடி வேறுபாட்டால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கும். பார்வையாளர்களின் ஆரவாரத்துக்காகக் கேமரா ஒலி வேண்டுமென்றால் கைதட்டல் வரும் இடங்களில் மட்டும் திறந்து மூடுங்கள்.

ஒத்திசைவும் விலகல் திருத்தமும் முடிந்த நிலையில் புராஜெக்ட்டை ஒரு தனிப் பெயரில் சேமித்து வையுங்கள். பிறகு மல்டிகேம் சீக்வென்சுக்குள் உள்ள தடங்களைப் பூட்டிவிட்டு, வெளியே எண் விசைகளால் கோணம் மாற்றி வெட்டலாம்.

இறுதிக் கோப்பை ஏற்றுமதி செய்த பிறகு, அந்தக் கோப்பையே திறந்து கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். கம்பி இணைப்புள்ள ஹெட்ஃபோனில் பாருங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் தன் பங்குக்கு ஒலியைத் தாமதப்படுத்தும். சில பிளேயர்கள் அந்தத் தாமதத்தை ஈடுசெய்யும், சில செய்யாது; அதை நம்பி டைம்லைனில் எதையும் நகர்த்தக் கூடாது. கம்பி ஹெட்ஃபோனிலும் உதடு தவறினால் டைம்லைனில் அதே இடத்துக்குப் போய் 'அப்பா' சோதனையைச் செய்யுங்கள். அங்கே சரியாக இருந்து கோப்பில் மட்டும் தவறினால், ஏற்றுமதி அமைப்பின் ஃபிரேம் வேகம் சீக்வென்சின் வேகத்தோடு ஒத்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.